மீனாட்சியம்மை: வாசிக்கத் தெரியாத பெண்களுக்காக எழுதியவர்

1931ஆம் ஆண்டு இலங்கையில் சர்வசன வாக்குரிமை வந்தது. 21 வயது நிரம்பிய ஆணும் பெண்ணும் வாக்குப் போடலாம் என்றானது. ஆசியாவிலேயே முதலில் எங்கள் நாட்டில்தான். இதை நாங்கள் வருடா வருடம் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். பிள்ளைகளும் ஆண்டையும் டொனமூர் ஆணைக்குழுவின் பெயரையும் பாடமாக்கி, பரீட்சையில் எழுதி, புள்ளியும் எடுத்துவிடுகிறார்கள்.

"சரி, பெண்களுக்கும் அந்த உரிமை வேண்டும் என்று அந்தக் காலத்தில் தமிழில் எழுதிய ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு அமைதியாகிவிடும். ஆசிரியர் அறையில் கேட்டாலும் அதே அமைதிதான்.

அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள், வீட்டிலுள்ள பெண் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

அந்தப் பெயர் மீனாட்சியம்மை. முழுமையாகச் சொன்னால் மீனாட்சியம்மை நடேசய்யர். பத்திரிகையாளர், பாடலாசிரியர், மேடைப் பேச்சாளர், தொழிற்சங்கவாதி. மலையக மக்களின் வரலாற்றை எழுதியவர்கள் அவரை மறக்கவில்லை. ஆனால் அவர் எழுதத் தொடங்கிய கொழும்பில் இருக்கும் நாங்கள் மறந்துவிட்டோம்.

அவருடைய கணவர் கோதண்டராம நடேசய்யர், தஞ்சாவூர்க்காரர். வியாபாரிகளுக்கான ஒரு பத்திரிகையை நடத்தியவர். முதல் உலகப் போர்க் காலத்தில் கொழும்புக்கு வந்து போனவர், தோட்டத் தொழிலாளர்களின் நிலையைக் கேள்விப்பட்டு நேரில் பார்க்க ஆசைப்பட்டார். ஆனால் தோட்டம் என்பது தனியார் காணி. துரையின் அனுமதி இல்லாமல் வெளியாள் உள்ளே கால் வைத்தால் அத்துமீறல் குற்றம். ஆகவே புடவை மூட்டையைத் தூக்கிக்கொண்டு, துணி வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போனார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பார்த்தவற்றைப் பத்திரிகையில் எழுதினார், துண்டுப் பிரசுரமாக அடித்தார். பிறகு இலங்கையிலேயே தங்கிவிட்டார்.

1924இல் கொழும்பிலிருந்து 'தேசபக்தன்' பத்திரிகை வரத் தொடங்கியது. நடேசய்யர் அப்போது கொழும்புத் தொழிலாளர் இயக்கத்தில் ஏ. ஈ. குணசிங்கவோடு சேர்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். சட்டநிரூபண சபை உறுப்பினராகவும் ஆனார். கூட்டம், சபை, வழக்கு என்று அவர் ஓடித் திரிந்த வருடங்களில் பத்திரிகைப் பணியின் பெரும் பங்கைத் தோளில் போட்டுக்கொண்டவர் மீனாட்சியம்மை. பெண்கள் பிரச்சினைகளைப் பற்றித் தன் பெயரிலேயே எழுதினார்.

அது எப்படிப்பட்ட கொழும்பு என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1927இல் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த கொழும்பு. 1929இல் ட்ராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த கொழும்பு. மட்டக்குளி, முகத்துவாரம், கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை என்று எங்களுடைய இந்தப் பக்கம் முழுவதும் துறைமுகத்தை நம்பிப் பிழைத்த சனம். தமிழர், முஸ்லிம்கள், மலையாளிகள், சிங்களவர் என்று எல்லோரும் ஒரே தண்ணீர்க் குழாயடியில் வரிசையில் நின்ற காலம்.

தமிழில் பெண்களுக்காகப் பேசிய முதல் குரல் மீனாட்சியம்மையுடையது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. எங்கள் சமூகத்திலேயே 'முஸ்லிம் நேசன்' நடத்திய அறிஞர் சித்திலெப்பை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கண்டியில் பெண் பிள்ளைகளுக்கென்று பாடசாலை தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் மங்களம்மாள் மாசிலாமணி 1923 முதல் 'தமிழ்மகள்' என்ற பத்திரிகையை நடத்தினார். மீனாட்சியம்மை இவர்களோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டியவர். ஆனால் மற்றவர்கள் அதிகம் எட்டாத ஓர் இடத்துக்கு அவர் போனார். அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் வாக்குரிமைக் கதை.

1927இன் கடைசியில் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. அந்த டிசம்பரில் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவானது. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் வசதியான குடும்பத்துப் பெண்கள், ஆங்கிலம் பேசுபவர்கள். அக்னஸ் டி சில்வா அவர்களில் முக்கியமானவர். ஆணைக்குழுவின் முன்னால் அவர்கள் சாட்சியம் சொல்லப் போனபோது, தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை கேட்கிறீர்களா என்று ஒரு கேள்வி வந்தது. நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே என்று அக்னஸ் டி சில்வா பதில் சொன்னார். இலங்கை வரலாற்றில் எங்களுக்குப் பிடித்த பதில்களில் இதுவும் ஒன்று.

ஆனால் அந்தக் கேள்வியையும் யோசித்துப் பாருங்கள். ஏன் அப்படிக் கேட்டார்கள்? தோட்டத்துப் பெண் கைரேகை போடுபவள், அவளுக்கு எதற்கு வாக்கு என்ற எண்ணம் அன்று பரவலாக இருந்தது. படித்த தலைவர்களிடமே இருந்தது. யாழ்ப்பாணத்தில் பெண்களுக்கென்று பெரிய கல்லூரி கட்டிய சேர். பொன். இராமநாதனே பெண்களுக்கு வாக்குரிமை கொடுப்பதைக் கடுமையாக எதிர்த்தார். பெண் படிக்கலாம், ஆனால் நாட்டு நடப்பைத் தீர்மானிக்கக் கூடாது என்பது அன்றைய பெரிய மனிதர்கள் பலருடைய நிலைப்பாடு.

இந்த விவாதம் நடந்தபோது 'தேசபக்தன்' பெண்களின் பக்கம் நின்றது. மீனாட்சியம்மை வாக்குரிமைக்கு ஆதரவாக எழுதினார். ஆங்கிலத்தில் மனுவாகவும் சாட்சியமாகவும் போன கோரிக்கை, அவருடைய எழுத்தில் தமிழில் தெருவுக்கு வந்தது. கடைக்காரர் வாசித்தார், துறைமுகத் தொழிலாளி வாசிக்கக் கேட்டார்.

ஆணைக்குழு தன் அறிக்கையில் பெண்களுக்கு 30 வயதிலிருந்துதான் வாக்கு என்று பரிந்துரைத்தது. இங்கிலாந்தில் 1928இல் அந்த வேறுபாடு நீங்கியது. இங்கேயும் கடைசியில் ஆண், பெண் இருவருக்கும் 21 என்றே முடிவானது. பிரான்ஸ் தேசத்துப் பெண்களுக்கு இந்த உரிமை 1944இல்தான் வந்தது. சுவிட்சர்லாந்துப் பெண்கள் தேசிய தேர்தலில் வாக்களிக்க 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

எங்கள் பகுதிக்கும் இந்தக் கதையில் ஒரு பெருமை உண்டு. 1932இல் நடந்த இடைத்தேர்தலில் கொழும்பு வடக்கு மக்கள் நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண்ணை அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள். நாட்டில் அந்தச் சபைக்குத் தெரிவான இரண்டாவது பெண் அவர். வாக்குரிமை கிடைத்து ஒரு வருடத்துக்குள் எங்கள் பாட்டன்மாரும் பாட்டிமாரும் செய்த வேலை இது.

இனி, மற்றவர்கள் எட்டாத அந்த இடம்.

கொழும்பில் எழுதினால் கொழும்பு வாசிக்கும். தோட்டத்தில் யார் வாசிப்பார்? விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறி, மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்கு வந்து அடுப்பு மூட்டும் பெண்ணின் கையில் பத்திரிகையைக் கொடுத்தால் என்ன பயன்? அவளுக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்தாலும் வாசிக்க வெளிச்சமில்லை, நேரமில்லை.

அவளுடைய நிலை என்ன என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்ப்போம். 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தோட்டத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் நிர்ணயிக்கப்பட்டு 1929இல் நடைமுறைக்கு வந்தது. மலைநாட்டுத் தோட்டத்தில் ஒரு நாளைக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். அதே மலை, அதே மழை, அதே அட்டை. ஆனால் பெண் என்பதற்காக 11 சதம் குறைவு. மாதம் 26 நாள் வேலை செய்தால் 2 ரூபா 86 சதம். அதாவது அவளுடைய ஆறரை நாள் சம்பளத்துக்கும் அதிகம். இதைச் செய்தது கங்காணியோ துரையோ தனியாக இல்லை. சட்டப் புத்தகத்திலேயே அப்படி எழுதியிருந்தது. இந்த வேறுபாடு நீங்கி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்று ஆனது 1984இல்தான். 55 வருடங்கள்!

நடேசய்யரும் குணசிங்கவும் பிரிந்தார்கள். கொழும்புத் தொழிற்சங்க மேடையிலேயே இந்தியத் தொழிலாளர்களுக்கு எதிரான பேச்சு எழத் தொடங்கியிருந்தது. 1931இல் நடேசய்யர் தம்பதியர் அட்டன் பக்கம் போய், தோட்டத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சங்கம் அமைத்தார்கள். இலங்கையில் தோட்டத் தொழிலாளர்களின் தொழிற்சங்க வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அங்கே மீனாட்சியம்மை ஒரு புதிய வழியைக் கண்டுபிடித்தார். பாட்டு.

கூட்டம் தொடங்குமுன் மேடையில் ஏறிப் பாடுவார். பாரதியார் பாடல்களைப் பாடுவார். பிறகு தானே எழுதிய பாடல்களைப் பாடுவார். சனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டில் புதுச் சொற்களைப் போடுவார். சொற்களும் எளிமையானவை. சம்பளக் குறைப்பு, கங்காணியின் கெடுபிடி, கடன், மதிப்பில்லாத வாழ்க்கை எல்லாம் பாட்டுக்குள் வந்தன.

ஆசிரியர்களாகிய எங்களுக்கு இதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு எழுத்து வராவிட்டாலும் பாட்டு வரும். பாலர் வகுப்பில் தினமும் பார்க்கிறோமே! ஒருமுறை கேட்ட மெட்டை வீட்டுக்குக் கொண்டுபோய், உம்மாவுக்கும் தம்பிக்கும் பாடிக் காட்டிவிடும். தோட்டத்திலும் அதுதான் நடந்திருக்கும். நடேசய்யர் தோட்டத்துக்குள் கால் வைத்தால் வழக்குப் போடலாம். பத்திரிகையைக் கண்டால் பறித்துக் கிழிக்கலாம். கொழுந்து பறிக்கும் பெண்ணின் வாயில் இருக்கும் பாட்டைத் துரை எந்தச் சட்டத்தால் பிடிப்பார்? கங்காணி தூரத்தில் வரும்போது நிறுத்தி, அவர் தாண்டியதும் மறுபடி தொடங்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1930களில் ஒரு தமிழ்ப் பெண், அதுவும் பிராமணக் குடும்பத்துப் பெண், பொது மேடையில் ஏறித் தொழிலாளர்களின் முன்னால் பாடுவதென்றால் சும்மா காரியமா? அன்றைக்கு மேடையில் பாடும் பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பது எல்லோருக்கும் தெரியும். தோட்ட நிர்வாகம் ஒரு பக்கம், ஊர் வாய் இன்னொரு பக்கம். இரண்டையும் தாண்டித்தான் அவர் பாடினார். அவர் மேடையில் நின்றதே கீழே உட்கார்ந்திருந்த பெண்களுக்கு ஒரு செய்தியாக இருந்திருக்கும்.

1936இல் நடேசய்யர் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். தொழிலாளர் வாக்கின் பலம் தெரியத் தொடங்கியது. தோட்டப் பகுதிகளில் வாக்காளர் பட்டியல் நீள நீள, எதிர்ப்பும் கூடியது. 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்சம்பளத்துக்கு வேலை செய்த இந்தியத் தொழிலாளர்களை நீக்கத் தொடங்கினார்கள். அவர்களில் பலர் இந்தக் கொழும்பில் வேலை செய்தவர்கள். அந்த ஜூலையில் ஜவஹர்லால் நேரு கொழும்புக்கு வந்து பேசிப் பார்த்தார். பலனில்லை. இலங்கை இந்திய காங்கிரஸ் உருவானது அப்போதுதான். இந்தியாவும் இலங்கைக்குத் தொழிலாளர் வருவதைத் தடை செய்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் இறந்தார்.

அந்த 1940இல்தான் மீனாட்சியம்மையின் பாடல் நூல் வெளிவந்தது. பெயர் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை'. தலைப்பைப் பாருங்கள். ஏதோ ஆணைக்குழுவின் அறிக்கை போல இருக்கிறது. உள்ளே இருப்பது பாட்டு. அறிக்கையில் வர வேண்டியதை அவர் மெட்டில் போட்டுக் கொடுத்தார். இந்த நாட்டைக் காடு வெட்டித் தோட்டமாக்கிய சனத்தைப் பார்த்து, நீ யார், எப்போது போகப் போகிறாய் என்று கேட்கிறார்களே, இது நியாயமா என்பதுதான் அந்த நூலின் கேள்வி. அமைச்சர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. அஞ்சாமல் ஒன்றுசேருங்கள் என்று தொழிலாளர்களையும் தட்டி எழுப்பினார்.

அவர் பயந்தது நடந்தது. 1947 நவம்பரில் நடேசய்யர் காலமானார். அடுத்த ஆண்டு, 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மலையக மக்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். 1949இல் வாக்குரிமையும் போனது. 1928இல் ஆணைக்குழுவின் முன்னால் எந்தப் பெண்களைப் பற்றிக் கேள்வி வந்ததோ, 'அவர்களும் பெண்கள்தானே' என்று யாரைப் பற்றிப் பதில் சொல்லப்பட்டதோ, அந்தப் பெண்களிடமிருந்து, கிடைத்து 20 வருடம்கூட ஆகாத வாக்கு பறிக்கப்பட்டது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்து குடும்பங்களைப் பிரித்துக் கப்பலேற்றியது. மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

இது தோட்டத்து ஆட்களின் கதை, எங்களுக்கென்ன என்று யாரும் நினைக்க வேண்டாம். 1949இல் வந்த சட்டத்தின் பெயரே இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். கொழும்பில் தலைமுறையாக வியாபாரம் செய்த இந்திய வம்சாவளி முஸ்லிம் குடும்பங்களும் அந்தச் சட்டத்தின் கீழ்தான் மனுப் போட்டு அலைந்தன. வாப்பா பிறந்த இடத்துக்கு அத்தாட்சி, வாப்பாவின் வாப்பா வந்த ஆண்டுக்கு அத்தாட்சி என்று கச்சேரி வாசலில் நின்றவர்கள் எங்கள் மஹல்லாக்களிலும் இருந்தார்கள். இன்றும் சில வீடுகளில் பிரஜாவுரிமைப் பத்திரம் அலுமாரியில் நகைக்குப் பக்கத்தில் இருக்கும். வாக்குரிமை வந்தது என்று மட்டும் சொல்லிக் கொடுத்துப் பாடத்தை முடித்தால், பிள்ளைகள் உரிமை என்றால் ஒருமுறை வந்து நிரந்தரமாக இருந்துவிடுவது என்று நினைப்பார்கள். வந்தது 1931, போனது 1949 என்று இரண்டையும் சேர்த்துக் கரும்பலகையில் எழுத வேண்டும்.

மீனாட்சியம்மையின் பெயர் ஏன் மங்கிப்போனது? கணவர் சட்டசபையில் இருந்ததால் அவருடைய பேச்சுகள் அரசாங்கப் பதிவில் அச்சாகின. மனைவி பாடியது காற்றோடு கலந்தது. பத்திரிகைக்காக இரவு முழுவதும் விழித்திருந்தவர் இருவர், ஆனால் 'தேசபக்தன்' என்ற பட்டப் பெயர் ஒருவருக்கே ஒட்டிக்கொண்டது. நடேசய்யர் பெரிய மனிதர், அதில் சந்தேகமில்லை. அவரைக் குறைத்துத்தான் மீனாட்சியம்மையை உயர்த்த வேண்டும் என்றுமில்லை. ஆனால் 'அவரது மனைவியும் உதவினார்' என்ற ஒரு வரியில் ஒரு பெண்ணின் பதினைந்து, இருபது வருட உழைப்பை முடித்துவிடுவது சரியா? எங்கள் வீடுகளிலும் கடைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் இந்த ஒரு வரிக்குள் எத்தனை பெண்கள் அடங்கிக் கிடக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மலையக எழுத்தாளர்களும் பெண் ஆய்வாளர்களும் இல்லாவிட்டால் இவ்வளவுகூட எங்களுக்குக் கிடைத்திருக்காது. சாரல் நாடன் நடேசய்யரைத் தேடி எழுதியபோது மீனாட்சியம்மையையும் தேடினார். குமாரி ஜயவர்தன இலங்கைப் பெண்கள் இயக்கத்தின் வரலாற்றை எழுதியபோது அவருக்கும் இடம் கொடுத்தார். அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இனி ஒரு வேண்டுகோள். மட்டக்குளியிலும் கொட்டாஞ்சேனையிலும் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் நிறைய. எங்கள் வகுப்புகளிலும் அந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள். சில பிள்ளைகள் ஊர் எது என்று கேட்டால் அட்டன், பொகவந்தலாவை என்று சொல்லக் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட வேண்டாம் மக்களே. இந்த நாட்டில் பெண்களுக்காகத் தமிழில் குரல் கொடுத்த முன்னோடி ஒருவர் உங்கள் பாட்டிமாருக்காகத்தான் பாடினார்.

உங்கள் வீட்டில் வயதான பாட்டி இருந்தால், கொழுந்து பறிக்கும்போது என்ன பாடினீர்கள் என்று கேளுங்கள். கூட்டத்தில் என்ன பாடினார்கள் என்று உங்கள் அம்மா சொல்லியிருக்கிறாரா என்றும் கேளுங்கள். போனில் பதிவு செய்யுங்கள், கொப்பியில் எழுதி வையுங்கள். யாருடைய பாட்டு என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எழுதியதை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். அடுத்த தவணையில் 1931ஆம் ஆண்டுப் பாடத்தை நாங்கள் அதிலிருந்துதான் தொடங்கப் போகிறோம்.